பூனைக்கு ஆகாது

அக்கா,

உங்கள் கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் பூனை குட்டி போட்டிருந்தது. ஊரில் அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள். கொல்லையில் வைக்கோல் போர் இருக்கிறது. மாடுகளைக் கொடுத்த பிறகு கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, மாமா சாத்த மறந்த உங்கள் பீரோவுக்குள் புகுந்து, கீழ்த்தட்டில் நான் மடித்து வைத்த புடவைகளைப் பிறாண்டிக் குழியாக்கி, அதில் நாலு குட்டி. கதவைத் திறந்தேன். மூத்திரமும் பாலும் பழைய ரத்தமும் அந்துருண்டையும் கலந்த ஒரு வீச்சம் முகத்தில் அடித்தது. காலையில் குடித்த காப்பி தொண்டைக்கு வந்துவிட்டது.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்கள் பீரோவை நான் திறந்தது இரண்டே முறைதான். முதல் முறை, காரியம் முடிந்த மறுநாள் புடவைகளை மடித்து வைக்க. அப்போது அதில் உங்கள் வாசனை இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இரண்டாவது முறை இது. அழுகையெல்லாம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது.

புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். கணுக்காலில் சுருக்கென்றது. பிறகு ஆடுசதையில். குனிந்து பார்த்தால் என் வெள்ளைப் பாவாடையின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எகிறிக் குதிக்கின்றன. தெள்ளுப்பூச்சி. நான் போட்ட சத்தத்தில் மாமா பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

குட்டிகளைப் பார்த்தேன். பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ரோமம் சரியாக முளைக்காத அந்த ரோஸ் நிற வயிற்றின் மேல் பூச்சிகள் வரிசையாக ஓடுகின்றன. காதுக்குப் பின்னால் கொத்தாக உட்கார்ந்து குடிக்கின்றன. தாய்ப்பூனை ஒரு குட்டியின் பின்புறத்தை நக்குகிறது, அடுத்த நொடி தன் கழுத்தைச் சொறிகிறது, மறுபடி நக்குகிறது. சொறிந்த இடத்திலிருந்து மிளகுத்தூள் மாதிரி எதுவோ உதிர்ந்து குட்டியின் மேல் விழுகிறது. சீ, கருமம். இப்போது எழுதும்போதுகூட எனக்கு உடம்பெல்லாம் ஊர்கிறது. அன்றிலிருந்து நான் மிளகு ரசம் வைக்கவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். "மூக்கப் பொத்துற மகராணி வந்துட்டாங்கப்பா" என்று கொல்லைக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பீர்கள்.

அண்ணனான மாமாவுக்கு நீங்களும் தம்பிக்கு நானுமாக இந்தக் குடும்பத்துக்கு வந்தோம். எனக்கு ஆறு வருடம் முன்னால் வந்தவர் நீங்கள். வீடு இரண்டாகப் பிரிந்த பிறகும் கொல்லை ஒன்றாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை நீங்கள்தான். சண்டைத்துணையும் நீங்கள்தான். நம் சண்டைகளில் பாதி பூனையைப் பற்றியது. "நெல்லு மூட்டை வச்சிருக்கிற வீட்டுல பூனை இல்லாம எப்படிடி?" என்பீர்கள். எலிப்பொறி வைக்கலாமே என்பேன் நான். மீன் கழுவிய கையோடு பூனையைத் தடவுவீர்கள், தடவிய கையோடு எனக்கு வெற்றிலை நீட்டுவீர்கள். நான் முகத்தைச் சுளித்தால், "கையில ஒட்டுனா கழுவிக்கலாம்டி" என்று ஒரே வார்த்தை. எதற்கெடுத்தாலும் அதுதான். சாணியா, பிள்ளை வாந்தியா, மாமியார் படுக்கையில் கிடந்தபோது அந்தத் துணிகளா, எல்லாவற்றுக்கும் அதே பதில். எனக்கு அது முடியாது. கழுவினாலும் ஒட்டியிருப்பது போலவே இருக்கும். நான் அப்படித்தான் பிறந்தேன், என்ன செய்ய?

நீங்கள் வைத்திருந்த பூனைக்கெல்லாம் ராசாத்தி என்றுதான் பெயர். ஒன்று போனால் அடுத்ததும் ராசாத்தி. இதுவும் அந்த வம்சம்தான் என்று மாமா சொல்கிறார். நீங்கள் போன பிறகு அவர்தான் தயிர்சாதம் வைக்கிறார். பூச்சி இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

பீரோவை எட்டிப் பார்த்தவர், "அட, இதுக்கா இந்தக் கத்து கத்துன?" என்றார். "கொட்டாயில மருந்து இருக்கும்மா. ரெண்டு தட்டு தட்டி விட்டா ஒரு பூச்சி இருக்காது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனார். எனக்குக் காது அடைத்துவிட்டது அக்கா. பதினாலு வருடமாக நான் காது கொடுத்துக் கேட்க விரும்பாத சொல் அது. மருந்து.

நம் பக்கத்தில் எல்லாமே மருந்துதான். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புகையான் பூச்சிக்கு வயலில் அடிப்பதும் மருந்து. ஒருத்தி மருந்து குடித்துவிட்டாள் என்றால் உடம்பு தேறிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை, வந்த மாதிரி நான் நடித்தேன்.

பதினாலு வருடம் முன்னால், பேராவூரணியில் உங்கள் மகளுக்குப் பிரசவம். வலி வந்துவிட்டது என்று ஃபோன் வந்ததும், கட்டிய புடவையோடு பஸ் ஏறிவிட்டீர்கள். மாமா அறுவடை மிஷினோடு வயலில் கிடந்தார். இங்கே அப்போதைய ராசாத்தி சமையலறைக்கு வெளியே, காலிச் சாக்கில் ஐந்து குட்டி போட்டு மூன்று நாள். அதற்கும் இதே எழவு பூச்சிதான். மறுநாள் காலையில் உங்கள் ஃபோன். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் பூனைக்கு வந்துவிட்டீர்கள்.

"ராசாத்தி மேல தெள்ளு மேயுதுடி. ஜன்னல்ல மருந்து வச்சிருக்கேன் பாரு, மாட்டாஸ்பத்திரியில குடுத்தது. பஞ்சுல தொட்டு அது கழுத்துக்கு மட்டும் போடு. குட்டிக்கு வேணாம், குட்டிய வெந்நீர்ல முக்கி, பேன் சீப்பால..."

லைன் சரியில்லை. கரகரவென்றது. ஆனால் நீங்கள் சொன்னது எனக்குக் கேட்காமல் இல்லை. "சரிக்கா, சரிக்கா, மருந்து போட்டுடுறேன்" என்று வைத்துவிட்டேன். பூனையைப் பிடித்துத் தூக்கி, அந்த ரோமத்தை விலக்கி, பஞ்சால் தொட்டு, அந்தக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து... நினைத்தாலே வயிற்றைப் பிரட்டியது. ஜன்னலில் அந்தச் சின்ன பாட்டிலைப் பார்த்தேன். பார்த்தேன் அக்கா. பாட்டில் கண்ணில் படவில்லை என்று என் மனசுக்குள் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். பொய்.

கொட்டகைக்குப் போனேன். நெல் மூட்டையைச் சுற்றி எறும்பும் வண்டும் அண்டாமல் தூவுகிற வெள்ளைப் பொடி. அதை நீங்கள் உங்கள் பழைய முகப்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருப்பீர்கள், ரோஜாப்பூ படம் போட்ட டப்பா. மூடியில் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் தூவ வசதி. நம் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். இரண்டடி தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாக்கின் மேல் தட்டினேன். பூனை மேலும் குட்டிகள் மேலும். கை படாத வேலை. பூச்சிகள் துள்ளித் துள்ளிச் செத்ததைப் பார்த்து எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. சனியன் ஒழிந்தது என்று சாப்பிடப் போனேன்.

பூனை என்ன செய்யும்? குட்டி அழுக்காகிவிட்டது என்று நக்கியிருக்கிறது. ஒரு குட்டி விடாமல், மூலைமுடுக்கு விடாமல் நக்கியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நான் பாத்திரம் கழுவ வரும்போது அதன் வாயில் நுரை. கால்கள் நாலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. குட்டிகளில் மூன்று அசையவில்லை. மற்ற இரண்டும் வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் வரவில்லை. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவலாம் என்று தோன்றவில்லை. தோன்றியது, தொட முடியவில்லை. தூரத்தில் நின்று பார்த்தேன். எல்லாம் முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மண்வெட்டியில் அள்ளிக் கொண்டுபோய் வாழைக்குப் பின்னால் புதைத்தேன். அப்போதும் கையால் தொடவில்லை.

நாலாம் நாள் வந்தீர்கள். கையில் பை, முகமெல்லாம் தூக்கமில்லாத வீக்கம். கால் கூடக் கழுவவில்லை. நேரே சாக்கைப் பார்த்தீர்கள், பிறகு என்னை.

"என்னடி ஆச்சு?"

"கடுவன் வந்துச்சுக்கா. குட்டிய எல்லாம் கடிச்சுப் போட்டுடுச்சு. ராசாத்தி எதுத்து நின்னுச்சு போல, அதையும் விடல. நான் வயலுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன்."

அத்தனை சரளமாக வந்தது பொய். ஆண் பூனை குட்டிகளைக் கடித்துப் போடுவது ஊரறிந்த சங்கதி. எதிர்வீட்டு மதிலில் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கடுவன் படுத்திருக்கும், காது கிழிந்தது. நீங்கள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அதைத் துரத்தினீர்கள். "பாவி, உனக்குச் சோறு போட்டேனே" என்று தெரு முழுக்க ஏசினீர்கள். இரண்டு நாள் அது மதில் பக்கமே வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. சே, என்ன ஜென்மம் நான்.

மூன்றாம் நாள் அந்தச் சாக்கைத் துவைக்க எடுத்துப்போனீர்கள். குழாயடியில் நீங்கள் வெகுநேரம் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாக்கை உதறவில்லை, விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தீர்கள். அன்று மத்தியானம் மீன்குழம்பு. ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து, இரண்டு துண்டு மீனையும் முள் எடுத்துப் போட்டு, மதிலடியில் கடுவனுக்கு வைத்தீர்கள். நான் வாயைப் பிளந்தேன். "என்னக்கா, குட்டியத் தின்னதுக்குப் போய்..." என்றேன்.

"பாவம்டி அது. அதுக்கு வாயா இருக்கு" என்றீர்கள். என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தபடி.

உங்களுக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அதன் பிறகு நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் பூனையையும் கூடையில் போட்டு எடுத்துப் போக ஆரம்பித்தீர்கள். பேராவூரணிக்கு நீங்கள் பூனைக்கூடையோடு பஸ் ஏறுவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். "பேத்திக்குச் சீர் வரிசை போகுது" என்று அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். "வீட்டுலதான் நான் இருக்கேனே, விட்டுட்டுப் போங்க" என்றுகூட ஒருதரம் சொன்னேன். நீங்கள் கூடையின் மூடியை இறுக்கிக் கட்டினீர்கள்.

இதெல்லாம் ஒரு நொடியில் என் கண்முன் வந்து போயிற்று, மாமா கொட்டகையிலிருந்து திரும்பி வரும்போது. அவர் கையில் அதே டப்பா. ரோஜாப்பூவெல்லாம் துருவேறி உதிர்ந்துவிட்டது. குலுக்கிப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

"தள்ளும்மா" என்றார்.

"மாமா, தட்டாதீங்க!" கத்தினேன். அவர் கையைப் பிடித்தே தடுத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் மிரண்டுபோய் நின்றார். டப்பாவைப் பிடுங்கினேன். பின்பக்கம் கையில் சொரசொரவென்றது. திருப்பினேன்.

ஆணியால் கீறி எழுதியிருந்தது. உங்கள் எழுத்து. அந்தக் கொக்கி போட்ட 'கா' வேறு யாருக்கும் வராது.

விஷம். பூனைக்கு ஆகாது.

மனுஷருக்கு ஆகாது என்று எழுதியிருந்தால் சரி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வை என்று எழுதியிருந்தால் சரி. உலகத்தில் யார் நெல்லுப் பூச்சிப் பொடியில் பூனைக்கு ஆகாது என்று எழுதி வைப்பார்கள்? அந்தக் குழாயடி, அந்த மீன்குழம்பு, அந்தக் கூடை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாக்கின் தையலில் வெள்ளைப்பொடி இருந்திருக்கும். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பதினாலு வருடம் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

"அவ எழுதுனதுதான். எப்பவோ கீறி வச்சா. கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியுது" என்றார் மாமா. "என்னம்மா, ஏன் அழுவுற?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பூச்சி என் மேல் ஏறுவதுகூட உறைக்கவில்லை. மாமா பீரோவில் சாய்ந்து நின்று கேட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவ எங்கிட்டகூடச் சொல்லலயேம்மா?"

அவரிடம்கூடச் சொல்லவில்லை நீங்கள். அதைக் கேட்டபோது எனக்கு என் மேல் வந்த அருவருப்பு இருக்கிறதே, அந்தப் பீரோ வீச்சமெல்லாம் அதன் கால்தூசி பெறாது.

அழுது முடிந்தாலும் பூச்சி போய்விடுமா? காய்கறிக் கூடையில் பழைய துண்டை விரித்து, அட்டையால் குட்டிகளைத் தள்ளி ஏற்றி, தாய்ப்பூனையை மாமா பிடித்துப் போட, திருக்காட்டுப்பள்ளி மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். டாக்டரம்மா சின்னப் பெண். ஒரு குட்டியை எடுத்து வாயை விரித்துக் காட்டினாள். ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது.

"ரத்தம் பூரா பூச்சி குடிச்சிருக்கு. இன்னைக்கே எடுக்கலன்னா இந்தக் குட்டி தாங்காது. மத்ததும் வரிசையாப் போயிடும்" என்றாள்.

"போடுறதுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றேன். மருந்து என்று என் வாயில் வரவில்லை.

"கண்ணே தொறக்கல, இதுக்கு எந்த மருந்தும் ஆகாதும்மா. நாய்க்குப் போடுறதும் ஆகாது, வயலுக்கு அடிக்கிறதும் ஆகாது. வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் கொழந்தை சோப்பு, பேன் சீப்பு. கையாலதான் எடுக்கணும். தாய்க்கு மட்டும், பால் குடுக்குற பூனைக்கு ஆகுற சொட்டு மருந்து நான் எடை போட்டுத் தரேன். பின்கழுத்துல, நாக்கு எட்டாத எடத்துல விடுங்க. அது காயிற வரைக்கும் குட்டிங்க கிட்ட விடாதீங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அருவருப்பா இருந்தா கிளவுஸ் தரவா?" என்று கேட்டாள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொல்லை வெயிலில் உட்கார்ந்தேன். மாமா தண்ணீர் காய வைத்துக் கொடுத்தார். உங்கள் அலமாரியில் உங்கள் பேன் சீப்பு கிடைத்தது. பல் இடுக்கில் உங்கள் நரைமுடி ஒன்று. அதை எடுத்துத் துளசி மாடத்தில் வைத்துவிட்டு, முதலில் அந்த வெளுத்த குட்டியை எடுத்தேன். கிளவுஸில் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒருதரம் கிண்ணத்துக்குள்ளேயே விழப் பார்த்தது. விரலுக்கு அடியில் எது ரோமம், எது பூச்சி என்று ஒரு மண்ணும் தெரியவில்லை. கழற்றி எறிந்தேன்.

வெறுங்கையில் அது இருந்தது. சூடாக, ஈரமாக, எலும்பெல்லாம் விரலில் உருளுகிற மாதிரி. எடுத்ததுமே உள்ளங்கையில் மூத்திரம் பெய்தது. கையை உதறியிருப்பேன், எப்படியோ உதறவில்லை.

தண்ணீர் பட்டால் பூச்சியெல்லாம் முகத்துக்கு ஓடுமாம், கண்ணிலும் மூக்கிலும் போய் அடைந்துகொள்ளுமாம். அதனால் முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையில் ஒரு வளையம் போடச் சொல்லியிருந்தாள். போட்டேன். அப்புறம் கழுத்துவரை தண்ணீரில் இறக்கினேன். பூச்சிகள் கும்பலாகக் கழுத்துக்கு ஏறிவந்து நுரையில் சிக்கிக் காலை உதைத்தன. சீப்பால் வாரி வாரிச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். தப்பியவை என் மணிக்கட்டில் ஏறின. அவற்றை நகத்தில் வைத்து நசுக்கினேன். டப்பென்று ஒரு சத்தம், நகத்தில் ரத்தப்பொட்டு. குட்டியின் ரத்தம். உவ்வே. வாய்க்குள் எச்சில் ஊறி ஊறி வந்தது. துப்பிக்கொண்டே செய்தேன். முகத்தை ஈரப்பஞ்சால் துடைத்து, அங்கிருந்ததை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி எடுத்தேன்.

அந்த மிளகுத்தூள் கரைந்து கிண்ணத்துத் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பூச்சி குடித்துக் கழித்த ரத்தமாம் அது. ஒரு கட்டைவிரல் பருமன் உயிரிலிருந்து இவ்வளவா?

ஒவ்வொன்றையும் கழுவியதும் துண்டில் ஒற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தார் மாமா. நாலையும் முடித்தபோது வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. பிறகு ராசாத்தி. அது என் முழங்கையைக் கீறி எடுத்துவிட்டது. மாமா துண்டால் அமுக்கிப் பிடிக்க, வாலிலிருந்து தலைவரை சீவி, பின்கழுத்தில் சொட்டு மருந்தை விட்டேன். காய்கிறவரை அது பூட்டிய அறைக்குள் கத்தியது, குட்டிகள் இங்கே கத்தின. நடுவில் நான் குழாயடியில் கையை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

நூல் புடவைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி வெயிலில் காயப்போட்டேன். பட்டு தேறவில்லை அக்கா. உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கட்டியது என்று தெரியும். மடிப்பு மடிப்பாகப் பூச்சி முட்டையும் நிணமும். கொல்லை மூலையில் வைத்துக் கொளுத்தினேன். முடி கருகுகிற நாற்றம் வீடு முழுக்க வந்தது. மாமா எழுந்து தெருப்பக்கம் போய்விட்டார். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளாகத் தினமும் சீவுகிறேன். தினமும் பூச்சி வருகிறது, குறைந்துகொண்டு வருகிறது. அந்த வெளுத்த குட்டி மூன்று நாள் பாலே சரியாகக் குடிக்கவில்லை. டாக்டரம்மா பிழைக்கும் என்றும் சொல்லவில்லை, பிழைக்காது என்றும் சொல்லவில்லை. மற்றவை ஏறி மிதித்துவிடும் என்று அதை முதலில் காம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். இன்று காலை வாயை விரித்துப் பார்த்தேன். ஈறு லேசாகச் சிவந்திருக்கிறது. கண்ணும் திறந்துவிட்டது, பீளையோடு. துடைத்துவிட்டேன்.

என்னவோ எனக்குப் பூனை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இல்லை. இப்போதும் அதைத் தொட்டால் மயிர்க்கூச்செறிகிறது. அது நக்குகிற சத்தம் கேட்டால் சோறு இறங்கவில்லை. அருவருப்பு அப்படியேதான் இருக்கிறது. அருவருப்போடு செய்கிறேன், அவ்வளவுதான். இது அன்றைக்கும் முடிந்திருக்கும், இல்லையா? அதுதான் என்னைத் தின்கிறது.

நேற்று நடவு வயலில் பூச்சிக்கு அடிப்பதை வாங்க உரக்கடைக்குப் போனேன். "தண்டுத் துளைப்பானுக்கு விஷம் குடுங்க" என்றேன். கடைக்காரர் தூக்கிவாரிப்போட்டது போலப் பார்த்தார். "என்னங்கம்மா காலங்காத்தால! மருந்துன்னு சொல்லுங்க" என்றார். எனக்கு வரவில்லை. விரலால் சுட்டிக் காட்டி வாங்கி வந்தேன். இனிமேல் அப்படித்தான் வாங்குவேன் போலிருக்கிறது.

உங்கள் டப்பாவைக் காலி செய்யவில்லை, தூக்கிப் போடவுமில்லை. வேறு ஒரு டப்பாவுக்குள் வைத்து இறுக்கி மூடி, கொட்டகையில் உயரத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்து வெளியே தெரியவில்லை என்பதால் மேல் டப்பாவிலும் நான் ஆணியால் கீறினேன். நீங்கள் எழுதியதையே எழுதினேன்.

நேரில் ஒருநாள் கேட்டிருக்கலாமே அக்கா. ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாமே. பதினாலு வருடம் அதே கொல்லையில், நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தீர்களா? கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்களே, அப்போதுமா? நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். முண்டம்.

கையில் பையோடு, கால்கூடக் கழுவாமல் நின்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். பதில் இதுதான்.

கடுவன் இல்லக்கா. நான்தான்.